911-க்கு செல்போன்ல கூப்பிட்டா நீங்க எந்த மாடியில இருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?

டாக்ஸி ஆப்பைத் திறந்தா நாம நிக்கிற வாசல்லயே கரெக்டா ஒரு நீலப் புள்ளி வந்து உக்காருது. அதே போன்ல அமெரிக்காவுல 911-ங்கிற அவசர உதவி நம்பருக்குக் கூப்பிட்டா, எடுக்கிறவங்க முதல்ல கேக்கிறதே "எந்த இடத்துல இருந்து பேசுறீங்க?"ங்கிறதுதான். ஆப்புக்குத் தெரிஞ்ச இடம், உயிர் போற நேரத்துல 911-க்கு ஏன் தெரியலன்னு கேக்காத ஆள் கிடையாது. இத்தனைக்கும் அங்க 1996-லயே இதுக்கு விதி போட்டாச்சு, பல தடவை திருத்தியாச்சு, கம்பெனிகளுக்கு அபராதமும் போட்டாச்சு, ஆனா செய்தியில 50 மீட்டர், 80 சதவீதம், இசட் அச்சு, 3 மீட்டர்னு எண்களா வர்றதுனால விஷயம் தெளியறதுக்குப் பதிலா இன்னும் குழம்பிடுது.

இந்த விதிகளைப் படிக்கிறப்ப "எத்தனை மீட்டர்"னு மட்டும் பாத்தா பாதி விஷயம் கைநழுவிடும். அந்த மீட்டர் எத்தனை போன் காலுக்குப் பொருந்தும், எங்க வச்சு அளந்தாங்க, எதுல இருந்து அளந்தாங்க, இந்த மூணு கேள்வியையும் கூடவே கேக்கணும். இந்த முப்பது வருஷத்துல நடந்த சண்டை முக்கால்வாசி இந்த மூணைச் சுத்திதான்.

முதல்ல யார் யாருன்னு பாத்துடலாம்

எஃப்சிசின்னா அமெரிக்காவுல தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்துற மத்திய ஆணையம், விதி போடுறது இவங்கதான். கேரியர்னா செல்போன் சேவை தர்ற கம்பெனி, இப்போதைக்கு நாடு முழுக்க இருக்கிற பெரிய மூணு பேர் ஏடி அண்ட் டி, வெரைசன், டி-மொபைல். 911 சென்டர்ங்கிறது கால் போய்ச் சேர்ற இடம், நாடு முழுக்க சுமார் 6,000 இருக்கு, பெரும்பாலும் கவுன்டியோ (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நகராட்சியோ நடத்துறது. அங்க ஹெட்செட் மாட்டிக்கிட்டு கால் எடுத்து வண்டி அனுப்புறவங்க டிஸ்பேட்சர்.

911 ஆரம்பிச்சது 1968-ல, அலபாமாவுல ஹேலிவில்ங்கிற சின்ன ஊர்ல. அப்போ எல்லாமே லேண்ட்லைன். லேண்ட்லைன்ல இடம் கண்டுபிடிக்கிற வேலையே இல்ல, ஏன்னா வயர் எந்த வீட்டுக்குப் போகுதோ அதுதான் அட்ரஸ். நம்பருக்கு நேரா அட்ரஸ் எழுதின ஒரு பட்டியலை கம்ப்யூட்டர்ல வச்சுக்கிட்டா போதும், கால் வந்த உடனே கதவு நம்பர் வரைக்கும் ஸ்கிரீன்ல வந்துடும். செல்போன் வந்த அன்னிக்கு அந்த வயர் அறுந்துபோச்சு. இன்னிக்கு 911-க்கு வர்ற கால்ல நூத்துக்கு 80-க்கு மேல செல்போன்ல இருந்துதான் வருது.

1996: ரெண்டு கட்டமா போட்ட முதல் விதி

1. முதல் கட்டம், 1998 ஏப்ரலுக்குள்ள. கூப்பிட்டவரோட நம்பரும், அந்தக் கால் எந்த டவர்ல எந்தப் பக்கமா வந்துச்சுங்கிறதும் 911 சென்டருக்குப் போகணும்.

2. ரெண்டாம் கட்டம், 2001 அக்டோபர்ல இருந்து. கூப்பிட்டவர் இருக்கிற இடத்தோட அட்சரேகையும் தீர்க்கரேகையும் போகணும், அதுவும் ஒரு துல்லியத்தோட.

இது டிஸ்பேட்சர் ஸ்கிரீன்ல எப்படி இருக்கும்னு பாத்தா விஷயம் சட்டுனு புரியும். கால் வந்து விழுந்ததும் ஒரு தெரு அட்ரஸ் வரும், ஆனா அது கூப்பிட்டவரோட அட்ரஸ் கிடையாது, டவரோட அட்ரஸ், கூடவே வடகிழக்குப் பக்கம்ங்கிற மாதிரி ஒரு குறிப்பு. பக்கத்துல சின்னதா டபிள்யூபிஹெச்1-னு ஒரு குறியீடு இருக்கும், அதாவது முதல் கட்டத் தகவல்தான் வந்திருக்குன்னு அர்த்தம். டிஸ்பேட்சர் பேசிக்கிட்டே கொஞ்ச வினாடி விட்டு ஒரு பட்டனை அழுத்தி "திரும்பக் கேளு"ன்னு சிஸ்டத்துக்குச் சொல்லணும். அதிர்ஷ்டம் இருந்தா குறியீடு டபிள்யூபிஹெச்2-ன்னு மாறி, மேப்ல ஒரு புள்ளியும் அதைச் சுத்தி ஒரு வட்டமும் வரும். வட்டத்துக்கு அர்த்தம், ஆள் இதுக்குள்ள எங்கயோ இருக்க 90 சதவீதம் வாய்ப்புன்னு. சில நேரம் அந்த வட்டத்துக்குள்ள ஒரு அபார்ட்மென்ட் வளாகமே அடங்கிடும். லைன் கட் ஆகிட்டா, இல்ல கூப்பிட்டவரால பேச முடியலன்னா, டிஸ்பேட்சர் கையில இருக்கிறது அந்த வட்டம் மட்டும்தான்.

இடத்தைக் கண்டுபிடிக்க ரெண்டு வழி, ரெண்டு அளவுகோல்

ஒரு வழி நெட்வொர்க் மூலமா. போனோட சிக்னல் மூணு டவருக்கு எவ்வளவு நேர வித்தியாசத்துல போய்ச் சேருதுன்னு அளந்து கணக்குப் போடுறது. ரேடியோ அலை ஒரு மைக்ரோ வினாடியில 300 மீட்டர் போயிடும், அதனால நேரத்துல துளி தப்பினாலும் இடம் ஒரு தெரு தள்ளிப் போயிடும். கிராமப்புற ஹைவேயில டவர் எல்லாம் ரோட்டை ஒட்டி ஒரே வரிசையில நிக்கும், அப்போ மூணு பக்கத்துல இருந்து வெட்டிக்கிற கோடே கிடைக்காது, கணக்கு தடுமாறும்.

இன்னொரு வழி போன் மூலமா, அதாவது போனுக்குள்ள ஜிபிஎஸ் சிப் வச்சு. வெட்டவெளியில இது அருமையா வேலை செய்யும். ஆனா சாட்டிலைட் சிக்னல் ரொம்ப பலவீனம், கான்கிரீட் கூரைக்குக் கீழ வந்துட்டா தேய்ஞ்சுபோயிடும்.

ரெண்டு வழிக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாதுன்னு 1999-ல எஃப்சிசி ரெண்டு அளவு வச்சுது. போன் வழிக்கு 67 சதவீத கால்ல 50 மீட்டருக்குள்ள, 95 சதவீதத்துல 150 மீட்டருக்குள்ள. நெட்வொர்க் வழிக்கு 67 சதவீதத்துல 100 மீட்டர், 95 சதவீதத்துல 300 மீட்டர்.

இந்த மீட்டரைப் பரப்பளவா மாத்திப் பாருங்க. 50 மீட்டர் ஆரம்னா கிட்டத்தட்ட 2 ஏக்கர். 300 மீட்டர் ஆரம்னா 70 ஏக்கர். ராத்திரி நேரத்துல 70 ஏக்கர்ல எந்த வீட்டுக் கதவைத் தட்டுறதுன்னு ஆம்புலன்ஸ்ல வர்றவங்க முடிவு பண்ணணும்.

கெடு தேதியும் சொன்னபடி நடக்கல. கேரியர்கள் சலுகை கேட்டாங்க, கிடைச்சுது, தேதி தள்ளிக்கிட்டே போச்சு. ஜிபிஎஸ் வழியை எடுத்தவங்க 2005 டிசம்பர் 31-க்குள்ள தங்களோட வாடிக்கையாளர்கள் கையில இருக்கிற போன்ல 95 சதவீதம் இடம் சொல்லக்கூடிய போனா மாத்தியிருக்கணும், அதைச் செய்யலன்னு 2007-ல ஸ்பிரிண்ட் நெக்ஸ்டெல், ஆல்டெல், யூஎஸ் செல்லுலார் மூணு கம்பெனிக்கும் எஃப்சிசி அபராதம் விதிக்க முன்வந்துச்சு, ஸ்பிரிண்ட்டுக்கு மட்டும் 13,25,000 டாலர்.

சராசரிங்கிற ஓட்டை

இதுதான் என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த மொத்தக் கதையிலயும் ரொம்ப முக்கியமான இடம்.

67 சதவீத கால்ல 50 மீட்டருக்குள்ளன்னா, எந்தக் கால்களோட 67 சதவீதம்? விதியில அது தெளிவா இல்ல. கேரியர்கள் நெட்வொர்க் முழுக்கச் சேத்து சராசரி போட்டுக்கிட்டாங்க. உதாரணத்துக்கு ஒரு கம்பெனிக்கு 100 கால் வருதுன்னு வைங்க. அதுல 70 கால் வெளிநகர்ல, திறந்த வானத்துக்குக் கீழ இருந்து வருது, அத்தனையும் 50 மீட்டருக்குள்ள அமைஞ்சுடுது. மீதி 30 ஒரு மலைப்பகுதி கவுன்டியில இருந்து வருது, அதுல ஒண்ணு கூட 50 மீட்டருக்குள்ள இல்ல. ஆனா பேப்பர்ல அந்த 67 சதவீதக் கணக்குல கம்பெனி பாஸ். அந்தக் கவுன்டியில இருக்கிற டிஸ்பேட்சருக்கு ஒரு கால்ல கூட 50 மீட்டருக்குள்ள இடம் வரல, இருந்தாலும் அந்தக் கணக்குப்படி விதி மீறல்னு யாரும் சொல்ல முடியாது.

911 சென்டர்காரங்களோட சங்கமான ஆப்கோ இதை எதிர்த்து 2004-லயே மனு கொடுத்துச்சு. எஃப்சிசி 2007-ல ஒரு உத்தரவு போட்டது, கேரியர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க, 2008-ல அது ரத்தாச்சு, கடைசியா 2010-ல தான் கவுன்டி அளவுலயோ 911 சென்டர் அளவுலயோ கணக்குக் காட்டணும்னு விதி வந்துச்சு. மீட்டர் எண்களை மாத்தல, முக்கியமா மாத்தினது "எந்தக் கூட்டத்துல எண்ணுறது"ங்கிறதைத்தான், அதுக்கே ஆறு வருஷம்.

வீட்டுக்குள்ள இருந்து கூப்பிட்டா? 2015-ல வந்த மாற்றம்

அடுத்த கேள்வி, எங்க வச்சு அளந்தாங்க? அது வரைக்கும் கேரியர்கள் சோதனை பண்ணினது வெளியில வச்சுதான். கட்டடத்துக்குள்ள இருந்து வர்ற காலுக்குன்னு ஒரு அளவுகோலே கிடையாது. ஆனா ஜனங்க வீட்டு லேண்ட்லைனை எடுத்துட்டு செல்போன் மட்டும் வச்சுக்க ஆரம்பிச்சதுனால மாரடைப்பு, தீ விபத்து, குடும்ப வன்முறைன்னு நிறைய கால் உள்ள இருந்துதான் வருது.

2015 ஜனவரியில எஃப்சிசி புது விதி போட்டுச்சு. உள்ளேயோ வெளியிலயோ எல்லாத்தையும் சேத்து 50 மீட்டருக்குள்ள இடம் சொல்லணும், 2017-ல 40 சதவீத கால்ல, 2018-ல 50, 2020-ல 70, 2021-ல 80 சதவீதத்துல. இடம் கிடைக்க அதிகபட்சம் 30 வினாடி. உதவி ஒரு நிமிஷம் முன்னாடி போய்ச் சேந்தா வருஷத்துக்கு 10,000 உயிருக்கு மேல காப்பாத்தலாம்ங்கிறது எஃப்சிசியோட அன்னைய மதிப்பீடு.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, பொறுமையா கேளுங்க. நிஜ 911 கால்ல கூப்பிட்டவர் உண்மையிலேயே எங்க நின்னுக்கிட்டு இருந்தார்னு யாருக்கும் தெரியாது, அதனால புள்ளி எவ்வளவு தள்ளி விழுந்துச்சுன்னு நேரடியா அளக்கவே முடியாது. அதுக்கு ஒரு சுத்துவழி வச்சாங்க:

1. அட்லாண்டா, சான் பிரான்சிஸ்கோ மாதிரி நகரங்கள்ல தேர்ந்தெடுத்த கட்டடங்களுக்குள்ள போனை வச்சு, ஜிபிஎஸ், வைஃபை, டவர் கணக்குன்னு ஒவ்வொரு வழியும் எத்தனை மீட்டர் தள்ளிக் காட்டுதுன்னு டெஸ்ட் பண்ணுவாங்க.

2. நிஜ கால்கள்ல எந்த வழி எத்தனை சதவீதம் பயன்பட்டுச்சுன்னு சிகாகோ, டென்வர், பிலடெல்பியா, மன்ஹாட்டன் உட்பட ஆறு இடங்கள்ல கணக்கெடுப்பாங்க.

3. ரெண்டையும் பெருக்கி வர்றதுதான் "80 சதவீதம்".

ஆக, டெஸ்ட் பண்ணின கட்டடம் உங்க கட்டடம் மாதிரி இல்லன்னா அந்த எண் உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லல. 80 சதவீதமே கிடைச்சாலும் அஞ்சு கால்ல ஒண்ணுக்கு எந்த உறுதியும் கிடையாது.

அதே 2015 விதியில இன்னொரு ஆசையும் இருந்துச்சு. புள்ளியும் வட்டமும் வேணாம், தெரு அட்ரஸ், பிளாட் நம்பரோட ஆளை அனுப்பக்கூடிய முகவரியா கொடுக்கணும்னு. அதுக்காக கேரியர்கள் ஒரு தேசிய டேட்டாபேஸ் கட்ட ஆரம்பிச்சாங்க, வீடு, ஆபீஸ்ல இருக்கிற வைஃபை ரூட்டரையும் புளூடூத் சிக்னல் விடுற சின்னக் கருவியான பீக்கனையும் அதோட அட்ரஸோட பதிவு பண்ணி வச்சா, போனுக்குப் பக்கத்துல எந்த ரூட்டர் இருக்குன்னு பாத்து வீட்டையே சொல்லிடலாம்னு. யோசனை நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா தகவல் தர்றதுக்குப் போதுமான பேர் ஒத்துக்கல, 2020-ல அதைக் கைவிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சு லேண்ட்லைன் கொடுத்த "கதவு நம்பர்" தரத்துக்குப் பக்கத்துல போன ஒரே முயற்சி அதுதான்.

மேல கீழ: இசட் அச்சு

மேப்ல புள்ளி கரெக்டா விழுந்தாலும் 40 மாடிக் கட்டடத்துல அது எந்த மாடி? இந்த உயரக் கணக்கைத்தான் இசட் அச்சுன்னு சொல்றாங்க. 2019-ல எஃப்சிசி அளவு வச்சுது: 80 சதவீத காலுக்கு மேலயோ கீழயோ 3 மீட்டருக்குள்ள. கேரியர்கள் 5 மீட்டர்னு கேட்டாங்க, தீயணைப்புக்காரங்க ஒத்துக்கல. ஏன்னா ஒரு மாடி சுமார் 3 மீட்டர். 3 மீட்டர்னாலே சிஸ்டம் சொன்ன மாடி, அதுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு மூணு மாடி தேடணும். 5 மீட்டர்னா அது இன்னும் கூடிடும். புகை நிறைஞ்ச மாடிப்படியில முதுகுல காத்து சிலிண்டரோட ஏறி ஒரு மாடி கூடுதலா தேடுறதுங்கிறது சின்ன விஷயம் இல்ல.

உயரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? நிறைய ஸ்மார்ட்போன்ல காத்தழுத்தம் அளக்கிற சின்ன சென்சார் இருக்கு. மேல போகப் போக அழுத்தம் குறையும், தரைக்குப் பக்கத்துல சுமார் 8 மீட்டருக்கு 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கிற அலகு). ஒரு மாடிக்கு அரை ஹெக்டோபாஸ்கல் கூட வராது. புயல் சின்னம் நகர்ந்தா அதை விடப் பல மடங்கு மாறும், அதனால அக்கம்பக்கத்து வானிலை அளவோட ஒப்பிட்டுச் சரி பண்ணிக்கிட்டே இருக்கணும். கட்டடத்துக்குள்ள ஏசி ஓடுறது, வெளியில கடுங்குளிர் இருக்கிறது இதெல்லாம் கூட அளவைத் தள்ளும்.

2021 ஏப்ரல் 3-க்குள்ள பெரிய 25 நகரச் சந்தைகள்ல இது வந்திருக்கணும். வரல. டெஸ்ட்டை கொரோனா நிறுத்திடுச்சுன்னு மூணு கம்பெனியும் சொன்னாங்க, 2021 ஜூன்ல எஃப்சிசியோட சமரசம் ஆச்சு, ஆளுக்கு 1,00,000 டாலர் கட்டணும், கையில இருக்கிற உயரத் தகவலை ஏழு நாளுக்குள்ள அனுப்ப ஆரம்பிக்கணும். நாடு முழுக்க வரவேண்டிய கெடு 2025 ஏப்ரல் 3.

இப்போ மூணாவது கேள்வி, எதுல இருந்து அளந்தது? கம்பெனிகள் அனுப்புற உயரம் தரையில இருந்து இல்ல. ஜிபிஎஸ் கணக்குக்காகப் பூமியை ஒரு வழவழப்பான நீள்கோளமா பாவிக்கிறாங்க, அந்தக் கற்பனைப் பரப்புல இருந்து அளந்த உயரம் அது. நியூயார்க்ல அந்தப் பரப்பு கடல் மட்டத்துக்கு மேல 30 மீட்டருக்கும் கூடவே இருக்கு. அதாவது கடலை ஒட்டின தெருவுல நிக்கிறவரோட உயரம் ஸ்கிரீன்ல மைனஸ் 30 பக்கம் காட்டும், அதே இடத்துல பத்தாவது மாடியில இருக்கிறவர் பூஜ்யத்துக்குப் பக்கத்துல வருவார். டென்வர்ல தரையில நிக்கிறவருக்கே 1,600-க்குப் பக்கத்துல ஒரு எண் வரும். இதை வச்சு "ஏழாவது மாடி"ன்னு சொல்லணும்னா அந்த இடத்துல தரை எவ்வளவு உயரம், அந்தக் கட்டடத்துல ஒரு மாடி எவ்வளவு உயரம்னு தெரிஞ்ச 3டி மேப் 911 சென்டர்ல இருக்கணும். பல ஊர்ல அது இல்ல. போதாக்குறைக்கு அங்க முதல் மாடின்னா தரைத்தளம், நிறைய கட்டடத்துல பதிமூணாவது மாடின்னு ஒண்ணே இருக்காது, பன்னெண்டுக்கு அடுத்து பதினாலு.

அதனால விதிப்படி தகவல் போகுது, டிஸ்பேட்சருக்கு அது உபயோகப்படலங்கிற நிலைமை. 2025 மார்ச்ல எஃப்சிசி தரையில இருந்து எத்தனை உயரம்னு சொல்ல வைக்கலாமா, டெஸ்ட்டை இன்னும் கெடுபிடியாக்கலாமான்னு கருத்துக் கேட்டு ஒரு முன்மொழிவு வெளியிட்டது இதுக்காகத்தான். இதை 2015-லயே கேட்டிருக்கணும்ங்கிறது என் கருத்து.

கால் பக்கத்து ஊருக்குப் போயிடுறது

இது இடம் சொல்றதுக்கும் முன்னாடி நடக்கிற கோளாறு. எந்த 911 சென்டருக்குக் காலை அனுப்புறதுங்கிறதை ரொம்ப நாளா டவரை வச்சுதான் முடிவு பண்ணினாங்க. கவுன்டி எல்லைக்குப் பக்கத்துல, ஆத்துக்கு அந்தக் கரையில இருக்கிற டவர் பிடிச்சுட்டா கால் அந்தப் பக்கத்துச் சென்டருக்குப் போயிடும், அவங்க கேட்டு, புரிஞ்சு, இந்தப் பக்கம் மாத்தி விடணும். 2024 ஜனவரியில எஃப்சிசி, போனோட இடத்தை வச்சே காலை அனுப்பணும்னு உத்தரவு போட்டுச்சு. 165 மீட்டருக்குள்ள 90 சதவீத நம்பிக்கையோட இடம் கிடைச்சா அதைப் பயன்படுத்தணும், கிடைக்கலன்னா பழையபடி டவர்.

விதி ஒருத்தருக்கு, வேலை செய்றது இன்னொருத்தர்

முதல்ல கேட்ட டாக்ஸி ஆப் கேள்விக்கு வருவோம். ஆப் துல்லியமா இருக்கிறதுக்குக் காரணம், போன் ஜிபிஎஸ், சுத்தி இருக்கிற வைஃபை, டவர், சென்சார் எல்லாத்தையும் கலந்து முன்கூட்டியே கணக்குப் போட்டு வச்சிருக்கு. பழைய 911 வழியில கால் வந்த பிறகுதான் கேரியர் தேட ஆரம்பிக்கும். ஆப்பிள் 2015-லயும் கூகுள் 2016-லயும் போனே கணக்குப் போட்ட இடத்தை அவசரக் காலுக்குக் கொடுக்கிற வசதியைக் கொண்டுவந்தாங்க, 2018-ல அது அமெரிக்க 911 சென்டர்களுக்கு இன்டர்நெட் வழியா போக ஆரம்பிச்சுது.

நல்ல முன்னேற்றம்தான், ஆனா எஃப்சிசியோட இந்த விதி கேரியரைத்தான் கட்டுப்படுத்துது, போனோட மென்பொருள் எழுதுறவங்களை இல்ல. ஐரோப்பிய ஒன்றியம் வேற வழி எடுத்துச்சு, 2022 மார்ச்ல இருந்து அங்க விக்கிற ஸ்மார்ட்போன் அவசரக் கால்ல ஜிபிஎஸ் மாதிரி ஐரோப்பாவோட சொந்த அமைப்பான கலிலியோ சாட்டிலைட்டும் வைஃபையும் வச்சு இடம் சொல்லியே ஆகணும்னு போன் மேலயே விதி வச்சாங்க. எனக்கு அந்த வழிதான் சரின்னு படுது.

இடம் தெரியறதுல பயமும் இருக்கு. வாடிக்கையாளரோட இருப்பிடத் தகவலை சம்மதம் இல்லாம மத்தவங்க கைக்குப் போக விட்டதுக்காக 2024 ஏப்ரல்ல எஃப்சிசி கேரியர்களுக்குக் கிட்டத்தட்ட 20 கோடி டாலர் அபராதம் போட்டுச்சு, அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. உயிர் காக்கக் கொடுக்கிற தகவல் விலைக்குப் போகும்னா ஜனங்க லொக்கேஷனை அணைச்சு வைப்பாங்க, அந்த டேட்டாபேஸ் மாதிரி முயற்சிக்கும் ஒத்துழைக்க மாட்டாங்க.

அமெரிக்காவுல இருக்கிறவங்க செய்ய வேண்டியது

1. 911-க்குப் பேசுறப்ப முதல் வாக்கியத்துலயே அட்ரஸ், கட்டடம், மாடி, கதவு நம்பர். என்ன ஆச்சுங்கிறது அப்புறம். லைன் கட் ஆனாலும் வண்டி கிளம்பிடும்.

2. சிக்னல் இல்லாத வீட்டுல வைஃபை காலிங் (டவருக்குப் பதிலா வைஃபை வழியா பேசுற வசதி) போட்டிருந்தா, போன் செட்டிங்ஸ்ல எமர்ஜென்சி அட்ரஸ்னு ஒண்ணு கேட்டிருக்கும். கேரியருக்கு வேற இடம் கிடைக்கலன்னா 911-க்குப் போறது அந்த அட்ரஸ்தான். வீடு மாறினவங்க அதை மாத்த மறந்திருக்கலாம், இப்பவே ஒரு தடவை திறந்து பாத்துடுங்க.